படகு நம்பருக்குள்ள ஒளிஞ்சிருந்த பதினாலு எழுத்து

மீன்பிடி தடைக்காலம் ஆரம்பிச்சிட்டா பாம்பன் தெற்குவாடில மீன் வாசத்த விட பெயிண்ட் வாசம்தான் தூக்கும். விசைப்படகெல்லாம் வரிசையா நிக்கும், சிலத கரையில ஏத்தியிருப்பாக, அடியில ஒட்டிக்கெடக்கற சிப்பிய சொரண்டுறது, பலகை மாத்துறது, எஞ்சின இறக்குறது, வலைய விரிச்சுப்போட்டு கிழிசல் பாக்கறதுன்னு ஊரே கரையில உக்காந்திருக்கும். இப்ப ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், நான் பத்தாவது பரீட்சை எழுதி முடிச்ச வருசம் 45 நாள்தான். அந்த 45 நாளும் எனக்கு ஒரே வேலை, படகு அணியத்துல, அதாவது முன்பகுதியில, ரெண்டு பக்கமும் நம்பர் எழுதறது. கையெழுத்து நல்லா இருக்கும்னு அப்பாவே நாலு பேர்ட்ட சொல்லி வச்சு ஆரம்பிச்சது, அப்புறம் ஒரு நாளைக்கு மூணு படகு வரைக்கும் எழுதியிருக்கேன்.

எங்க மாவட்டத்து விசைப்படகு எல்லாத்துக்கும் ஆரம்பம் ஒண்ணுதான். ஐ என் டி, அடுத்து டீ என், அடுத்து 10, அடுத்து எம் எம், அதுக்கப்புறம்தான் அந்தப் படகோட சொந்த எண். ஐ என் டின்னா இந்தியா, டீ என்னா தமிழ்நாடு, 10 ராமநாதபுரம், எம் எம்னா மெக்கனைஸ்டு, அதாவது விசைப்படகு. மோட்டார் மாட்டுன நாட்டுப்படகுன்னா எம் எம்முக்கு பதிலா எம் ஓ வரும். (இங்க ஒண்ணு சொல்லிடறேன், தமிழ்ல எழுதறப்ப ரெண்டு எழுத்து குழம்பும், அதனால டெல்லியோட எழுத்துக்கு குறில் டி, டீக்கடையோட எழுத்துக்கு நெடில் டீன்னு வச்சிக்கங்க, இந்தக் கட்டுரை முழுக்க அப்படித்தான்.)

நம்பர் எழுதற எடத்துக்கு பக்கத்துலதான் மெக்கானிக் காக்காவோட ஷெட்டு (காக்கான்னா எங்க பக்கம் முஸ்லிம்கள்ல அண்ணன்). பதினாலு வருசம் கல்ஃப்ல இருந்துட்டு வந்தவுக, கிரீஸ் கையோடயே ஒரு பழைய இங்கிலீஷ் டிக்சனரிய பொரட்டிக்கிட்டு இருப்பாக, அட்டை கிடையாது, ஏ வரிசையில முதல் இருபது பக்கத்த எலி தின்னுருச்சு. அங்க கேம்ப்ல ராத்திரி தூக்கம் வராதப்ப பேப்பர்ல வர்ற வார்த்தைப் புதிர் போட்டுப் போட்டே இங்கிலீஷ் கத்துக்கிட்டதா சொல்லுவாக. ஒரு நாள் மத்தியானம் நான் எம் எம் போட்டு முடிச்சிட்டு பிரஷ்ஷ கழுவிக்கிட்டு இருக்கேன், அவுக கூப்ட்டு கேட்டாக.

"தம்பி, தெனம் இந்த ஏழு எழுத்த எழுதிக்கிட்டே இருக்கியே, இந்த ஏழும் உள்ள இருக்கற மாதிரி ஒரு வார்த்தை சொல்லு பாப்பம்."

"என்ன காக்கா, வரிசையாவா?"

"வரிசை வேணாம்ப்பா, கலைஞ்சு கெடக்கலாம். ஆனா என் ரெண்டு தடவ இருக்குல்ல, வார்த்தையிலயும் ரெண்டு இருக்கணும், எம்மும் ரெண்டு. கூட எத்தன எழுத்து இருந்தாலும் சரி. எவ்ளோ நீளமா இருக்கோ அவ்ளோ நல்லது."

இவ்வளவுதான் விளையாட்டு. எனக்கு இங்கிலீஷ்னாலே வயித்தக் கலக்கும், பத்தாவதுல தட்டுத்தடுமாறி எழுதிட்டு வந்து ரிசல்ட்டுக்கு காத்துக்கிட்டு இருக்கற நேரம் அது. ஆனா இவுக அர்த்தமும் கேக்கல, கிராமரும் கேக்கல, எழுத்து இருக்கா இல்லையான்னு மட்டும்தான் கேட்டாக. அதனால பயமில்லாம உக்காந்துட்டேன்.

முதல் நாலஞ்சு நாள் எனக்கு ஒண்ணுமே ஆப்படல. ஏழு எழுத்தயும் மணல்ல எழுதிவச்சு முறைச்சு முறைச்சு பாப்பேன், தலைதான் வலிக்கும். அப்பதான் காக்கா ஒண்ணு சொல்லிக் குடுத்தாக, இன்னிக்கி வரைக்கும் நான் வார்த்தை தேடுறது அந்த ஒரு பேச்ச வச்சுத்தான். "சங்கு குளிக்கறவன் கடல் முழுக்கவா தேடறான்? சங்கு மணல்லதான் மேயும்னு அவனுக்குத் தெரியும், மணல் எங்கன்னு பாத்து இறங்குவான். எழுத்துக்கும் மேயற எடம் இருக்குப்பா, அத மொதல்ல படி."

உண்மையிலேயே இருக்கு. நீளமான இங்கிலீஷ் வார்த்தை எதுவும் ஒரே கட்டையில செஞ்சது இல்ல, தலை ஒண்ணு, நடு ஒண்ணு, வால் ஒண்ணுன்னு பலகை அடிச்சு சேத்ததுதான். வால்ல பெரும்பாலும் 'ஷன்', 'மெண்ட்', 'நெஸ்', 'அபிள்', 'இட்டி' இப்படித்தான் வரும், தலையில 'அன்', 'ரீ', 'இன்', 'டிஸ்'. உங்கிட்ட இருக்கற எழுத்துல எது வாலாகும்னு மொதல்ல பாக்கணும். டீ, ஐ, என் மூணும் இருந்தா நடுவுல ஒரு ஓ போட்டு 'ஷன்' வால் கட்டிடலாம், அப்ப ஏழு எழுத்துல மூணு போயிரும், மிச்சம் நாலுக்குத்தான் எடம் தேடணும். தேடறது பாதியாயிடும்.

அதே மாதிரி அபூர்வமான எழுத்துங்களுக்கும் வீடு உண்டு. அமெரிக்காவுல ஆல்ஃபிரட் பட்ஸ்னு ஒருத்தர், கட்டடக்கலை படிச்சவர், 1930கள்ல வேலையில்லாம இருந்தப்ப பேப்பர்ல எந்த எழுத்து எத்தன தடவ வருதுன்னு எண்ணி எண்ணித்தான் ஸ்கிராபிள் விளையாட்ட உண்டாக்குனாரு. நூறு கட்டையில ஈ மட்டும் 12, ஏ 9, ஐ 9, ஆனா க்யூ ஒண்ணே ஒண்ணு, இசட் ஒண்ணே ஒண்ணு, ரெண்டுக்கும் தலா 10 பாயிண்ட், ஜேவுக்கும் எக்ஸுக்கும் 8. கிடைக்காத மீனுக்கு வெல கூடன்னு எங்க ஊர் ஏலத்துல பாக்கறதேதான். காக்கா இதச் சொல்லிட்டு "க்யூ வந்தா பக்கத்துல யுவ தேடு, எக்ஸ் வந்தா முன்னாடி ஈ இருக்கும், ஜே வந்தா 'ஜஸ்ட்', 'ஜெக்ட்' இதுக்குள்ள பாரு"ன்னாக. 'அன்கொஸ்டியனப்ளி'ன்னு ஒரு வார்த்தை, சந்தேகமே இல்லாமன்னு அர்த்தம், பதினாலு எழுத்து, க்யூவும் இருக்கு, அஞ்சு உயிரெழுத்தும் இருக்கு, கடைசில ஒய்யும் இருக்கு, அத நான் கண்டுபிடிச்ச அன்னிக்கி காக்கா கடையில ரெண்டு வாடா, அதான் எங்க பக்கத்து எண்ணெய்ப் பலகாரம், வாங்கிக் குடுத்தாக.

இசட்டுக்கு எங்க மாவட்டத்துலயே ஒரு வீடு இருக்குங்கறது எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம். வாலிநோக்கம் பக்கம் போனா உப்பளமா இருக்கும், உப்பு பூக்கறத இங்கிலீஷ்ல 'கிறிஸ்டலைசேஷன்'னு சொல்றாகல்ல, ஸ்கூல் புக்குல எஸ் போட்டு இருக்கும், ஆனா இசட் போட்டும் எழுதலாம், ஆக்ஸ்ஃபோர்டு டிக்சனரிக்காரங்க இசட்டத்தான் முதல்ல போடுவாங்க. பதினஞ்சு எழுத்து. அப்புறம் எக்ஸ், ஒய், இசட் மூணும் அதே வரிசையில ஒட்டி வர்ற ஒரு வார்த்தை கேட்டாக, ஒரு வாரம் அலஞ்சேன். அந்த வாரத்துல கடல்ல சொறி (ஜெல்லிமீன்) மேல பட்டு கையெல்லாம் தடிச்சுப்போச்சு, டாக்டர் அரிப்புக்கு மாத்திரை எழுதிக் குடுத்தாரு, அட்டைய திருப்பிப் பாத்தா 'ஹைட்ராக்சிசின்', ஹெச் ஒய் டி ஆர் ஓ எக்ஸ் ஒய் இசட் ஐ என் ஈ. அரிப்போட ஷெட்டுக்கு ஓடுனேன்.

ஏ, ஈ, ஐ, ஓ, யு அஞ்சும் அதே வரிசையில வர்ற வார்த்தை உண்டா? உண்டு, 'ஃபசீஷியஸ்' ஒண்ணு, ஒம்பது எழுத்து, 'அப்ஸ்டீமியஸ்' ஒண்ணு, பத்து எழுத்து. ரெண்டாவதுக்கு திங்கறதுலயும் குடிக்கறதுலயும் அளவா இருக்கறதுன்னு அர்த்தம், காக்கா அத ஒரு நோன்பு மாசத்துல கண்டுபிடிச்சாக. ஏ ஒண்ணத் தவிர வேற உயிரெழுத்தே இல்லாத வார்த்தை கேட்டப்ப மட்டும் நான் நிமிசத்துல சொல்லிட்டேன், 'கேட்டமரான்', ஒம்பது எழுத்துல நாலு ஏ. நம்ம கட்டுமரம்தான் அங்க போயி அப்படி ஆயிருக்கு, ஆனா அவங்க அந்தப் பேர ரெண்டு ஓடம் சேத்துக் கட்டுன படகுக்கு வச்சுட்டாங்க, மரத்தக் கட்டி மெதக்கவிடறது நம்மளோடது.

சரி, ஏழு எழுத்துக்கு வர்றேன். தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் கடலுக்குப் போயிருச்சு, அந்த வார்த்தை மட்டும் சிக்கல. 'கமாண்ட்மெண்ட்' வரைக்கும் வந்துட்டேன், எம் மூணு இருக்கு, என் ரெண்டு இருக்கு, டி இருக்கு, டீ இருக்கு, ஐ மட்டும் இல்ல. ஒரே எழுத்து. ராத்திரி படுத்தா அந்த ஐதான் கண்ணுக்குள்ள நிக்கும். 'அக்காமடேஷன்' பாத்தேன், அதுல என் ஒண்ணுதான்.

ஜூலை மாசம் பிளஸ் ஒன் சேர்றதுக்கு ஒரு சலுகை பேப்பர் வாங்க அப்பாவும் நானும் ஒரு ஆபீசுக்கு அலஞ்சோம். மூணாவது தடவ. அப்பா கடலுக்குப் போகாம, அன்னிக்கி கூலிய விட்டுட்டு வெள்ளச்சட்ட போட்டுக்கிட்டு வந்திருந்தாரு. உள்ள இருந்தவரு பேப்பர மேலோட்டமா பாத்துட்டு நிமிராமயே கேட்டாரு, "ரெக்கமண்டேஷன் லெட்டர் யார்ட்டயாவது வாங்கிட்டு வந்திருக்கீங்களா?" அப்பா என்னப் பாத்தாரு, அவருக்குப் புரியல. எனக்குப் புரிஞ்சுது, நெஞ்சு எரிஞ்சுது, இல்ல சார்னு சொல்லணும்னு வாயத் தொறந்தேன், அதுக்குள்ள கை தன்னால தொடையில எழுத ஆரம்பிச்சிருச்சு. ஆர், ஈ, சி, ஓ, எம், எம். எம் ரெண்டு. ஈ, என், டி. என் ஒண்ணு, டி ஒண்ணு. ஏ, டீ, ஐ, ஓ, என். டீ இருக்கு, ஐ இருக்கு, ரெண்டாவது என்னும் இருக்கு. பதினாலு எழுத்து, ஏழும் உள்ள இருக்கு.

பேப்பர் அன்னிக்கி கிடைக்கல. பஸ்ஸுல வர்றப்ப அப்பா பேசவே இல்ல, மண்டபம் தாண்டி ரோட்டுப் பாலத்துல ஏறுனதும் நான் சொன்னேன், "அப்பா, அவரு கேட்டாருல்ல ஒரு வார்த்தை, அது நம்ம படகு நம்பருக்குள்ளயே இருக்குப்பா." அவரு திரும்பி, "அப்படின்னா?"ன்னாரு. டிக்கெட்டு பின்னாடி எழுதிக் காட்டுனேன், ஒவ்வொரு எழுத்தா கோடு போட்டு. அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, ஆனா அந்த ஏழு எழுத்தும் தெரியும், அவரோட படகுல இருக்கறதுதான, ஒவ்வொண்ணா விரல் வச்சுப் பாத்தாரு. "எல்லாம் இருக்கே"ன்னாரு. கீழ பழைய ரயில் பாலம் தெரிஞ்சுது, அவரு அந்த டிக்கெட்ட சட்டப்பையில வச்சுக்கிட்டாரு.

காக்காட்ட சொன்னப்ப அவுக ரொம்ப நேரம் டிக்சனரிய மூடி மடியில வச்சுக்கிட்டு இருந்தாக. "வால் பாரு, நான் சொன்ன வால்தான், ஷன்"ன்னாக. உண்மைதான், டீயும் ஐயும் என்னும் வாலுக்குப் போயிருச்சுன்னா மிச்சம் எம் எம் என் டி, அந்த நாலும் 'கமெண்ட்'னு பாராட்டறதுக்கு ஒரு சொல் இருக்கே அதுக்குள்ள ஒண்ணா உக்காந்திருக்கு. வழி தெரிஞ்சும் நான் அங்க போகல, ஒருத்தர் வாய்ல இருந்து அது வந்து விழவேண்டியதா இருந்துச்சு. அப்புறம் எம் ஓ போட்ட நாட்டுப்படகுக்கும் தேடுனோம், அது லேசா வந்துச்சு, 'டிட்டர்மினேஷன்', மன உறுதின்னு அர்த்தம், பதிமூணு எழுத்து. வத்தைங்கற நாட்டுப்படகு வச்சிருக்கற எங்க மாமாட்ட அர்த்தத்தோட சொன்னேன், அவரு அத தன் படகு உள்பக்கம் எழுதித் தரச்சொல்லி கேட்டாரு, எழுதிக் குடுத்தேன், இப்பவும் இருக்கு.

காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கறப்ப க்ரெப்னு ஒரு கட்டளை சொல்லிக் குடுத்தாங்க. கென் தாம்ப்சன்னு யுனிக்ஸ்ங்கற கம்ப்யூட்டர் இயங்குதளத்த உண்டாக்குனவர்ல ஒருத்தர், அவரு எழுதுனது, 1973ல வந்தது. ஒரு ஃபைல்ல இருக்கற வரிகள்ல நீங்க சொல்ற எழுத்து இருக்கற வரிய மட்டும் அரிச்சு எடுத்துக் குடுக்கும். அதே வகை இயங்குதளமான லினக்ஸ்ல வார்த்தைப் பட்டியல் ஃபைல் ஒண்ண போட்டுக்கிட்டா ஒரு வரிக்கு ஒரு வார்த்தையா இருக்கும். ரெண்டு எம் வேணும்னா எம், அப்புறம் ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம், மறுபடி எம், அதாவது ரெண்டு எம்முக்கு நடுவுல எது வேணா எத்தன வேணா இருக்கலாம்னு அர்த்தம். அது ஒரு சல்லடை. அதுல விழுந்தத அடுத்த சல்லடைக்கு விடணும், ரெண்டு என், அப்புறம் ஐ, அப்புறம் டி, அப்புறம் டீ. அஞ்சு சல்லடை. வலைக் கண்ணி அளவு மாத்தி மாத்தி இழுக்கற மாதிரியேதான் இருந்துச்சு எனக்கு. எண்டர் தட்டுனேன், கண்ணு சிமிட்டறதுக்குள்ள பட்டியல் வந்துருச்சு, மூணு மாசம் நான் தேடுனது அதுக்குள்ள சாதாரணமா கெடந்துச்சு, 'கமண்டேஷன்' இருந்துச்சு, அதுக்கும் மேல 'இம்யூனோடெஃபிஷியண்ட்'னு பதினஞ்சு எழுத்துல ஒண்ணு, நோய் எதிர்ப்பு சக்தி குறைஞ்சதுன்னு அர்த்தம்.

அன்னிக்கி ராத்திரி காக்காவுக்கு ஃபோன் போட்டு சொன்னேன், நம்மள விட ஒரு எழுத்து பெருசு இருக்கு காக்கான்னு. அவுக எழுத்த எண்ணிப் பாத்துட்டு சரிதான்னாக, அப்புறம், "மிஷின்ட்ட கேக்கறது தப்பில்லப்பா, ஆனா நீ தேடுறப்ப வழியில எத்தன வார்த்தைய பாத்த, கமாண்ட்மெண்ட், அக்காமடேஷன், அதெல்லாம் உங்கிட்ட தங்கிருச்சுல்ல, மிஷின் வழியக் காட்டலியே"ன்னாக. எனக்கு அவுக சொல்றதுதான் சரின்னு படுது. பிளஸ் டூல எனக்கு இங்கிலீஷ்ல வந்த மார்க்கு டியூஷன்ல வந்தது இல்ல, சிக்காத வார்த்தைங்கள தேடிப்போன வழியில பொறுக்குனது. நான் க்ரெப்ப இப்ப ஒரே ஒரு விசயத்துக்குத்தான் வச்சிருக்கேன், நாங்க ரெண்டு பேரும் கைவிட்டாச்சுன்னு ஒத்துக்கிட்ட அப்புறம் சரிபாக்க.

இன்னொரு தேடல பத்திச் சொல்லணும், அது கொஞ்சம் மனசுக்கு பக்கத்துல இருக்கறது. எந்த எழுத்தும் ரெண்டாவது தடவ வராத நீளமான வார்த்தை எது? பத்து எழுத்து வரைக்கும் சுலபம், அதுக்கு மேல போகப்போக கஷ்டம், ஏன்னா ஈயும் எஸ்ஸும் எப்படியும் திரும்ப வந்துரும், ஷன் வாலும் லேசுல ஆகாது, என் ஒண்ணு அதுலயே போயிரும். பதினஞ்சு எழுத்துல ரெண்டு வார்த்தை பிரபலம். ஒண்ணு 'அன்காப்பிரைட்டபிள்', காப்பிரைட் வாங்க முடியாததுன்னு அர்த்தம். இன்னொண்ணு 'டெர்மட்டோகிளிஃபிக்ஸ்', டி ஈ ஆர் எம் ஏ டீ ஓ ஜி எல் ஒய் பி ஹெச் ஐ சி எஸ். விரல்ல இருக்கற ரேகைகள படிக்கற படிப்பு, 1926ல ஹரோல்டு கம்மின்ஸ்ங்கற விஞ்ஞானி வச்ச பேரு. ஒருத்தர் ரேகை மாதிரி இன்னொருத்தர் ரேகை இருக்காதுல்ல, அந்தப் படிப்போட பேர்லயும் ஒரு எழுத்து மாதிரி இன்னொரு எழுத்து இல்ல. யாரும் திட்டம் போட்டு செஞ்சது இல்ல, கிரேக்கத்துல இருந்து தோல்ங்கற சொல்லையும் செதுக்குறதுங்கற சொல்லையும் எடுத்து ஒட்டுனாரு, அது தன்னால அப்படி அமைஞ்சிருக்கு. இத முதல்ல பாத்தப்ப எனக்கு சிலிர்த்துருச்சு.

எங்க அம்மா பாசி எடுக்கப் போறவுக. சின்னப்பாலம், பாம்பன் பொம்பளைக நெறைய பேருக்கு அதான் தொழில், தீவுப் பக்கம் போயி, கண்ணுக்கு கண்ணாடி மாட்டி, கால்ல தகரத்தட்டு கட்டி, முங்கி முங்கி மரிக்கொழுந்து பாசியும் கட்டக்கோரையும் பாறையில இருந்து பிச்சு எடுக்கணும். பாறை வெட்டும்னு விரலுக்கெல்லாம் துணி சுத்திக்கிடுவாக, அப்படியும் தேஞ்சிரும். ஒரு எடத்துல கைரேகை மிஷின்ல அம்மா விரல வச்சாக, விழல, அடுத்த விரல், விழல, பத்து விரலும் வச்சாச்சு. பின்னாடி வரிசையில நின்னவங்க முணுமுணுக்க ஆரம்பிச்சிட்டாங்க. "ரேகையே இல்லியேம்மா"ன்னு அங்க இருந்தவங்க சொன்னப்ப அம்மா கைய முந்தானையில தொடச்சு தொடச்சு திரும்ப வச்சாக. வீட்டுக்கு வந்து அந்தக் கைய நான் வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன், வழவழன்னு இருந்துச்சு, கடல் தேச்ச கல்லு மாதிரி. அதுக்கு ரெண்டு வருசம் கழிச்சுத்தான் அந்த வார்த்தை எனக்குக் கிடைச்சுது. பதினஞ்சு எழுத்தையும் அம்மாவுக்கு ஒவ்வொண்ணா சொல்லி, அர்த்தமும் சொன்னேன். "எங்கிட்ட இல்லாததுக்கு இம்புட்டு பெரிய பேரா"ன்னாக. எனக்கு தொண்ட அடைச்சிருச்சு.

இந்த விளையாட்டெல்லாம் வெள்ளக்காரன் உண்டாக்குனதுன்னு நெனச்சிருந்தேன், காலேஜ்ல தமிழ் அய்யா ஒருத்தர்தான் சித்திரகவின்னு ஒண்ணு நம்மள்ட்ட இருக்குன்னு சொல்லிக் குடுத்தாரு. முன்னாடி பின்னாடி எப்படிப் படிச்சாலும் ஒண்ணா வர்ற மாலைமாற்று, அதுல ஞானசம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்காரு, உதடு ஒட்டாத எழுத்த மட்டும் வச்சுப் பாடுற நிரோட்டம், ஒரு சொல்லுல ஒவ்வொரு எழுத்தா எடுக்க எடுக்க வேற வேற சொல் வர்ற அக்கரச்சுதகம். காக்காட்ட இதச் சொன்னதும் அவுக உடனே இங்கிலீஷ்ல ஒரு அக்கரச்சுதகம் போட்டாக: ஸ்டார்ட்லிங், ஒரு எழுத்த எடுத்தா ஸ்டார்ட்டிங், இன்னொண்ணு எடுத்தா ஸ்டேரிங், அப்புறம் ஸ்ட்ரிங், ஸ்டிங், சிங், சின், இன், கடைசில ஐ. ஒம்பது எழுத்துல ஆரம்பிச்சு ஒரு எழுத்துல வந்து நிக்குது, நடுவுல எங்கயும் அறுபடல.

போன தடைக்காலத்துல ஊருக்குப் போயிருந்தேன். காக்காவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு பச்சைக் கண்ணாடி போட்டிருந்தாக, டிக்சனரி படிக்க முடியல, அதனால வாய்லயே விளையாடுனோம். ஸ்டேஷன் போர்டுல இருக்கற பாம்பன்ங்கற பேரோட ஆறு எழுத்தும் வர்ற வார்த்தை, ஏ ரெண்டு வேணும். கால் மணி நேரத்துல அவுக 'இன்காம்பரபிள்'னாக, ஈடு இணை இல்லாததுன்னு அர்த்தம், பன்னெண்டு எழுத்து, விரல் விட்டு எண்ணி சரிபாத்தேன், ஆறும் உள்ள இருக்கு. அவுக முகத்துல அப்படி ஒரு சந்தோசம். மறுநாள் காலையில டீக்கடையில வச்சு நான் ஒண்ணு சொன்னேன், 'கம்பானியனபிள்', பதிமூணு எழுத்து.

"அப்படி ஒரு வார்த்தை இருக்காப்பா? என்ன அர்த்தம்?"

"கூட இருக்கறதுக்கு இதமான ஆளுன்னு அர்த்தம் காக்கா."

"ம்"னாக, எழுத்த ஒவ்வொண்ணா எண்ணுனாக, ஒரு எழுத்து கூடன்னு ஒத்துக்கிட்டாக, டீக்கு காசு அவுகளே குடுத்தாக.

இப்ப கையில இருக்கறது ராமேஸ்வரம். பத்து எழுத்து, ஏ மூணு, ஆர் ரெண்டு, எம் ரெண்டு, ஒரு ஈ, ஒரு எஸ், எல்லாத்துக்கும் மேல ஒரு டபிள்யூ. அந்த டபிள்யூதான் பெரும்பாடு, அதுக்கு வால் கிடையாது, 'வார்டு', 'வொர்க்', 'வேர்' இதுல எதுக்குள்ளயாவதுதான் நிக்கும். காக்கா 'வேர்'லதான் இருக்குன்னு சொல்றாக, அதுல ஏவும் ஆரும் ஈயும் ஒரேயடியா போயிரும்னு கணக்கு. நான் 'வார்டு' பக்கம் தேடிக்கிட்டு இருக்கேன். க்ரெப்ப இன்னும் தொடல, அவுக கைவிட்டேன்னு சொல்லல.